காபித் தடையும் என் வலது முழங்காலும்

மதிப்புக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. கடிதம் என்றால் இங்கு அனைவரும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும், ஆகவே நலம். ஆனால் அந்த ‘அனைவரும்’ என்பதில் என் முழங்கால்கள் இரண்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தாங்களும் தங்கள் துணைவியாரும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்றும், தங்கள் புதுப் பல்செட் இப்போது வாய்க்குள் அடங்கி உட்கார்ந்திருக்கும் என்றும் நம்புகிறேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். போனில் தாங்கள் பேசுவீர்கள், நான் “சரிங்க, ஆமாங்க” என்பேன். முப்பத்தாறு வருடமாக அப்படித்தான் நடந்து வருகிறது; அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நானும் கொஞ்சம் பேசியாக வேண்டியிருக்கிறது. அதோடு எங்கள் போன் இருப்பது சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில். அங்கிருந்து சமையலறை நாலே அடி. தங்கள் தங்கையின் காது எப்பேர்ப்பட்டது என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே கடிதம். படித்து முடித்ததும் தாங்கள் தங்கள் தங்கைக்கு ஒரே ஒரு வரி எழுத வேண்டும். என்ன வரி என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் பட்ட பாட்டைத் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்று மாதங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் நாற்காலியிலிருந்து எழும்போது “ஐயோ” என்று சொன்ன அதே சமயத்தில் தங்களிடமிருந்து போன் வந்தது. போனை வைத்த கையோடு தங்கள் தங்கை என் முன்னால் வந்து நின்று, “அண்ணன்கிட்ட உங்க முட்டியைப் பத்திச் சொன்னேன். எல்லாத்துக்கும் காபிதான் காரணமாம். இனிமே இந்த வீட்ல காபி கிடையாது” என்றாள். மருந்துக்கடை முப்பது வருடம் நடத்தியவர் சொல்கிறார். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவன் அதற்கு மேல் என்ன பேசுவது? இந்த வீட்டில் நான் ஒன்று சொன்னால் “பார்க்கலாம்” என்பாள். தாங்கள் சொன்னால் அது சட்டம். அன்று மாலையே காபிக் கொட்டை டப்பா பரணுக்குப் போய்விட்டது. பரணில் ஏற என் முழங்கால் இடம் தராது என்று தெரிந்தேதான் அங்கே வைத்திருக்கிறாள்.

தங்களுக்கு எங்கள் வீட்டுக் காபியின் அருமை தெரியாது. தாங்கள் வந்தால் தேநீர்தான் கேட்பீர்கள். கல்யாணமான புதிதில் நான் வாங்கிய அரவை மிஷின் ஒன்று சமையலறை மேஜை விளிம்பில் திருகி மாட்டியிருக்கிறது. மேலே கொட்டையைப் போட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் கீழே சின்ன இழுப்பறையில் பொடி விழும். தினமும் காலையில் அன்றன்றைக்கு அரைத்த பொடியில்தான் எனக்குக் காபி. கடையில் அரைத்து வைத்த பொடியை நான் தொட மாட்டேன், அது தூசி. டிப்போவில் காலை முதல் பஸ் நாலே முக்காலுக்கு. அந்த அரவை மிஷினின் கரகர சத்தம் கேட்டுத்தான் நான் முப்பத்தோரு வருடம் எழுந்து வேலைக்குப் போனேன். அப்படிப்பட்ட மனுஷனுக்கு ஒரே நாளில் வெந்நீரும் எலுமிச்சம்பழமும் என்றால் அது எப்படியிருக்கும் என்று மச்சான் அவர்கள் கொஞ்சம் கண்ணை மூடி யோசித்துப் பார்க்க வேண்டும்.

முதல் நாள் தலைவலி. இரண்டாம் நாள் தலைவலியோடு கோபம். மூன்றாம் நாள் முடிதிருத்தும் கடையில் கத்தரிச் சத்தம் பொறுக்காமல் பாதித் தலையோடு எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டு மீதிப் பாதியை வெட்டிக்கொண்டேன். அந்தக் கடைக்காரர் இன்று வரைக்கும் என்னை ‘அரைத் தலை’ என்றுதான் கூப்பிடுகிறார். நாலாம் நாள் மனசு கேட்காமல் நடைப்பயிற்சி என்று சொல்லிவிட்டு டிப்போ கேன்டீனுக்கு நடந்தேன். அங்கே ஒரு காபி குடித்தேன். சுமாரான காபிதான். ஆனால் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியமீசை டிரைவர் பதறிப்போய், எனக்கு ஏதோ குடும்பக் கஷ்டம் என்று நினைத்து, நேரே நம் வீட்டுக்குப் போன் போட்டுத் தங்கள் தங்கையிடமே விசாரித்துவிட்டார். “அவர் காபி குடிச்சுட்டு அழுதுக்கிட்டு இருக்கார்மா, வீட்ல ஏதாவது பிரச்சனையா?” என்று கேட்டாராம். நான் வீடு வந்து சேர்ந்தபோது அவள் ஒரு டம்ளர் வெந்நீரை என் முன்னால் வைத்தாள். அவள் அதை வைத்த விதம் எப்படி இருந்திருக்கும் என்று கூடப் பிறந்த தங்களுக்கா தெரியாது!

அதற்கப்புறம்தான் மச்சான், எனக்கு ஒரு யோசனை வந்தது. காபியை நிறுத்தி ரெண்டு மாசம் ஆகியும் முழங்கால் பழைய முழங்காலாவே இருக்கு. எழுந்திரிச்சா மடக் மடக்னு சத்தம். அப்ப காபி குற்றவாளியா இல்லையான்னு யாராவது விசாரிச்சாத்தானே தெரியும்? ஒரு பஸ் லேட்டா வந்தா நாங்க டிரைவர் மேல சட்டுனு பழி போட மாட்டோம். எத்தனை மணிக்குப் புறப்பட்டுது, எத்தனை மணிக்கு வந்துது, நடுவுல ரயில்வே கேட் மூடியிருந்துதா, டயர் போச்சா, எல்லாத்தையும் எழுதிப் பார்த்துட்டுத்தான் பேசுவோம். அதே மாதிரி முழங்காலுக்கும் ஒரு டிரிப் ஷீட் போடலாம்னு முடிவு பண்ணேன். காபிக்கடைக்காரர்கிட்ட போய் ஒரே மாதிரி ரெண்டு டப்பா வாங்கினேன்: ஒண்ணுல நம்ம வழக்கமான கொட்டை, இன்னொண்ணுல காஃபின் எடுத்த கொட்டை. எந்த நாள் எந்த டப்பான்னு உங்க தங்கச்சி இஷ்டம். அதை அவ ஒரு தாள்ல குறிச்சு மடிச்சு வெச்சுக்கணும், எனக்குச் சொல்லக் கூடாது. நான் சமையலறைக்குள்ள கால் வைக்கக் கூடாது. குடிச்ச மறுநாள் காலைல என் முழங்காலோட நேரத்தை நான் எழுதுவேன். ஒரு மாசம் கழிச்சு ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா உண்மை வெளில வந்துடும்.

அவ ஒரு நாள் முழுக்க யோசிச்சா. “அண்ணன் வேண்டாம்னு சொல்லியிருக்கார்”னா. “அண்ணன் சொன்னது சரியான்னு பார்க்கத்தானே இது, சரின்னு வந்தா நான் ஆயுசுக்கும் காபி கேட்கமாட்டேன்”னு சொன்னேன். அப்பவும் அவ முகம் தெளியல. வேற வழியில்லாம சரின்னா. உங்க பேச்சை மீற வெச்சுட்டேனேன்னு வருத்தப்படறாள்னு நான் நினைச்சுக்கிட்டேன்.

நோட்டு அருமையான நோட்டு மச்சான், நீங்க பார்த்தா பாராட்டுவீங்க. ‘எட்டாம் நாள். புறப்பாடு, கட்டில்: 5.52. வருகை, குளியலறைக் கதவு: 5.59. தாமதம் ஏழு நிமிடம். காரணம்: வலது முழங்கால். இடது முழங்கால் சரியான நேரத்துக்கு வந்து வலதுக்காகக் காத்திருந்தது.’ இப்படி தினமும். கட்டில்லேர்ந்து கதவு ஒரு டிரிப், மாடிப்படி பதினெட்டு படி இறங்கறது ஒரு டிரிப், தரைல உட்கார்ந்து எதையும் பிடிக்காம எழுந்திரிக்கறது ஒரு டிரிப். இதுல மாடிப்படி டிரிப்தான் வம்புல கொண்டுபோய் விட்டுடுச்சு.

காலைல ஆறு மணிக்கு நான் வாட்சும் நோட்டுமா மாடிப்படில நிப்பேன். அந்த நேரத்துல மத்த வீட்டுக்காரங்களும் இறங்குவாங்க. முப்பத்தோரு வருஷப் பழக்கம், எதிர்ல ஒண்ணு புறப்பட்டா என் கை சும்மா இருக்காது. ‘மூன்றாம் மாடி நீச்சல் டீச்சர், 6.12.’ ‘இரண்டாம் மாடி மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், 6.20.’ ஒருத்தருக்கும் கெடுதல் இல்ல, ஓரத்துல எழுதி வெச்சேன், அவ்வளவுதான். ஒருநாள் கண்ணாடிக்கடைக்காரர் 6.26க்கு ஓடி வந்தார். என் வாய் சும்மா இருந்திருக்கலாம். “இன்னைக்கு ஆறு நிமிஷம் லேட்டு”ன்னு சொல்லிட்டேன். மனுஷன் படில அப்படியே நின்னுட்டார். அவர் முகத்துல ஈ ஆடல. அன்னைக்கே நீச்சல் டீச்சரும் அவரும் சேர்ந்து, மாடில இருக்கற பெரியவர் யார் யார் எப்ப வெளில போறாங்கன்னு எழுதி வெச்சுக்கிட்டு இருக்கார், வீடு காலியா இருக்கற நேரத்தை யாருக்கோ சொல்றாரோ என்னவோன்னு, குடியிருப்புச் சங்கச் செயலாளர்கிட்ட எழுத்து மூலமாப் புகார் குடுத்துட்டாங்க. திருட்டுக்கு நேரம் குறிச்சுக் குடுக்கற ஆளா நான்! டிப்போல ஒரு பிளாக் மார்க் வாங்காதவன் மச்சான்.

செயலாளர் விசாரிக்க வந்த நேரமும் பாருங்க. உங்க தங்கச்சி கடைக்குப் போயிருந்தா. நான் ஹால்ல தரைல உட்கார்ந்து எழுந்திரிக்கற டிரிப்புல இருந்தேன். உட்கார்ந்தாச்சு, எழுந்திரிக்க முடியல. அந்த நேரத்துல மணி அடிக்குது. “வந்துட்டேன்”னு குரல் குடுத்தேன். ரெண்டு நிமிஷம் கழிச்சு மறுபடியும் மணி. “வந்துக்கிட்டே இருக்கேன்.” நாலாவது நிமிஷம் கதவைத் தட்ட ஆரம்பிச்சுட்டார். எதையோ ஒளிச்சு வைக்கறேன்னு நினைச்சிருப்பார், பாவம். நான் தவழ்ந்து தவழ்ந்து போய், எக்கித் தாழ்ப்பாளை எடுத்தேன். ஒன்பது நிமிஷம். கதவைத் திறந்தவர் முதல்ல நேராப் பார்த்தார், யாரும் இல்ல. அப்புறம் கீழே பார்த்தார். கோபமா வந்த மனுஷன் பதறிட்டார். “ஐயையோ, என்ன சார் ஆச்சு”ன்னு குனிஞ்சு என் ரெண்டு கையையும் பிடிச்சு ஒரு இழுப்பு இழுத்தார். அவர் இடுப்புல ‘களுக்’னு ஒரு சத்தம். அப்படியே என் பக்கத்துல உட்கார்ந்துட்டார்.

அப்புறம் என்ன, ரெண்டு பேரும் வாசல்படில பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினோம். நோட்டை விரிச்சு எல்லாத்தையும் விளக்கினேன். அவர் புகாரை மறந்தே போயிட்டார். “எங்க அக்கா காபி குடிக்க ஆரம்பிச்ச பிறகுதான் முட்டி வலி குறைஞ்சுதுன்னு சொல்றா சார்”னார். “எங்க பெரிய மச்சான் அதுதான் காரணம்னு சொல்றாரே”ன்னேன். “அவர் டாக்டரா?”ன்னார். “மருந்துக்கடை”ன்னேன். “ஓ”ன்னு ஒரு இழுப்பு இழுத்துட்டு நோட்டோட அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அவர் அப்படி இழுத்தது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாத்தான் இருந்துது, உங்ககிட்ட மறைப்பானேன். அதுக்குள்ள உங்க தங்கச்சி பையோட படியேறி வந்துட்டா. வாசல்ல ரெண்டு கிழவங்க காலை நீட்டி உட்கார்ந்திருக்கறதைப் பார்த்துட்டுப் பையைக் கீழ வெச்சா. அது கைல மாட்டியிருக்கல, முழங்கைல மாட்டியிருந்துது. நான் எழுந்திரிக்கக் கையை நீட்டினேன். அவ கையைக் குடுக்கல. குனிஞ்சு தோளைக் குடுத்தா. என்னை இப்படி சந்தி சிரிக்க வெச்சுட்டீங்களேன்னு கோபம், அதான் கையைக்கூடக் குடுக்கமாட்டேங்கறான்னு நான் நினைச்சேன் மச்சான். நான் அப்படித்தான் நினைச்சேன்.

இந்தக் கூத்துக்கு அப்புறம், எதுக்கும் ஒரு தடவை காட்டிடலாம்னு நோட்டோட முட்டி டாக்டர்கிட்ட போனேன். அவர் பேர் வேற, இந்தத் தெருவுல எல்லாரும் அவரை முட்டி டாக்டர்னுதான் சொல்வாங்க. சின்ன வயசு, ஆனா நல்ல பொறுமைசாலி. காலை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார். “இது தேய்மானம். நடங்க, எடையை நாலு கிலோ இறக்குங்க, வெந்நீர் ஒத்தடம் குடுங்க”ன்னார். “காபி?”ன்னு கேட்டேன். அதுக்காகத்தானே போனது! அவர் சிரிச்சுட்டு, “காபி குடிச்சா மூட்டு வலி வரும்னு அடிச்சுச் சொல்லவும் முடியாது, போயிடும்னும் சொல்ல முடியாது. ஆராய்ச்சி பண்றவங்கள்லயே ஒரு கூட்டம் இப்படிச் சொல்லுது, ஒரு கூட்டம் அப்படிச் சொல்லுது. உங்க முட்டிக்கு நாளுக்கு ரெண்டு டம்ளர் குடிச்சா ஒண்ணும் குடி முழுகிடாது. சர்க்கரையை மட்டும் கம்மி பண்ணுங்க”ன்னார். எனக்கு அப்படியே எழுந்து அவரைக் கட்டிப் பிடிச்சுக்கலாமான்னு இருந்துது. எழுந்திரிக்க நேரமாகும்னு விட்டுட்டேன். அப்புறம் நோட்டைக் காட்டினேன். நாலு பக்கம் புரட்டினார். “ஏழு நிமிஷமா? ஏழு நிமிஷத்துக்கா சார் இத்தனை பக்கம்? காலைல எழுந்தா ஒரு மணி நேரத்துக்கு மேல விரல் மடங்காம, ரெண்டு கையும் வீங்கிப்போய் எத்தனையோ பேர் வீட்ல சும்மா இருக்காங்க. அவங்கதான் ஓடி வரணும். சீக்கிரம் வந்தா மருந்து குடுத்து மூட்டைக் காப்பாத்தலாம், லேட்டா வந்தா கோணிடும். நீங்க போய் நடங்க”ன்னு அனுப்பிட்டார். என் நோட்டை இப்படி மட்டம் தட்டிட்டாரேன்னு எனக்கு மனசுக்குக் கஷ்டமாப் போச்சு.

ஆக மச்சான், நான் உங்ககிட்ட கேட்க நினைச்ச அந்த ஒரு வரி என்னன்னா, ‘காபி குடிக்கலாம், தடை இல்லை’ அப்படின்னு

மன்னிக்கணும். வரியைப் பாதில விட்டுட்டு எழுந்து போனேன். இப்ப திரும்ப வந்து உட்கார்ந்திருக்கேன். அடிச்சு எழுத மனசில்ல, அது அப்படியே இருக்கட்டும்.

காலைல காபிக்காகக் காத்துக்கிட்டு மேஜைல இந்தக் கடிதத்தை எழுதிக்கிட்டு இருந்தேன். உள்ள மிஷின் சத்தம். ஒரு சுத்து. நின்னுது. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு சுத்து. மறுபடியும் நின்னுது. நேத்தும் இப்படித்தான், முந்தாநாளும் இப்படித்தான். காபி வர ஏழு மணி ஆகுது, முன்னெல்லாம் ஆறுக்கே வந்துடும். இத்தனை நாளும் நான் அதை, தாள்ல குறிக்கறதுக்கு நேரமாகுது போலன்னு விட்டுட்டேன். இன்னைக்கு என்னமோ மனசு கேட்கல. மிஷின்ல ஏதோ சிக்கியிருக்கு, இறுக்கிக் குடுக்கலாம்னு, ரூலை மீறி உள்ள போயிட்டேன்.

அடுப்புப் பக்கத்துல ஒரு கிண்ணத்துல வெந்நீர். அதுல ஒரு கை. இன்னொரு கைல துண்டைச் சுத்திக்கிட்டு, மிஷின் கைப்பிடியை முழங்கை மடிப்புல மாட்டி, கையால சுத்த முடியாம, உடம்பையே சாய்ச்சுச் சாய்ச்சுச் சுத்திக்கிட்டு இருக்கா. ஒரு சுத்துக்கு ஒரு தடவை கண்ணை இறுக்கி மூடிக்கறா. என்னைப் பார்த்ததும் கையைப் புடவைக்குள்ள இழுத்துக்கிட்டு, “ஆள் உள்ள வரக்கூடாதுன்னு நீங்கதானே ரூல் போட்டீங்க, வெளில போங்க”ன்னா.

“கையைக் காட்டு”ன்னேன்.

“கைக்கு என்ன? கை கை மாதிரிதான் இருக்கு.”

காட்டினா. விரல் கணுவெல்லாம் வீங்கிக் கிடக்கு மச்சான். மடக்கச் சொன்னா பாதில நிக்குது. மோதிரத்தைக் காணோம். எங்கன்னு கேட்டா, “விரல்ல நுழையல, சர்க்கரை டப்பாக்குள்ள போட்டு வெச்சிருக்கேன்”னா. அப்புறம்தான் எனக்குக் கேட்கத் தோணுச்சு. “வலிக்குதா?”ன்னேன். அவ பாலைப் பார்த்தா, அடுப்பைக் குறைச்சா, என் முகத்தைப் பார்க்காம, “காலைலதான். பத்து மணிக்கு மேல விட்டுடும்”னா. “எத்தனை நாளா?”ன்னேன். “போன வருஷம் மழை ஆரம்பிச்சப்போலேர்ந்து”ன்னா.

ஒரு வருஷம்! ஹார்ன் சத்தத்தை வெச்சு எந்த பஸ்னு சொல்றவன் நான். ரெண்டு நிமிஷம் லேட்டானா டிரைவரைக் கூப்பிட்டு எழுதி வாங்கினவன். என் வீட்டுக்குள்ள, நான் உட்கார்ந்திருக்கற நாற்காலிலேர்ந்து நாலு அடி தள்ளி, ஒரு மனுஷி தினமும் காலைல நாலு மணி நேரம் கையை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியாம நின்னிருக்கா. நான் வெளில உட்கார்ந்து என் முழங்காலுக்கு ஏழு நிமிஷம் போட்டுக்கிட்டு இருந்திருக்கேன். நோட்டு முழுக்க நான்தான் இருக்கேன். நீச்சல் டீச்சர்கூட இருக்காங்க, கண்ணாடிக்கடைக்காரர் இருக்கார். உங்க தங்கச்சி ஒரு பக்கத்துலகூட இல்ல. எனக்கு வெட்கமா இருக்கு மச்சான். வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

அவளை உட்கார வெச்சுட்டு நான் சுத்தினேன். அந்த மிஷின் இவ்வளவு கனமாச் சுத்தும்னு எனக்கு இத்தனை வருஷத்துல தெரியாது. திருகு கழண்டு, மிஷினோட கொட்டையெல்லாம் கீழ கொட்டி, அதைப் பொறுக்கக் குனிஞ்சு, எழுந்திரிக்க முடியாம மேஜைக் காலைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கல. ஒருவழியா ஒரு காபி போட்டேன். அவளுக்கு ஒரு டம்ளர், எனக்கு ஒரு டம்ளர். குடிச்சுப் பார்த்தேன், மனுஷன் குடிக்க மாட்டான். அவ ரெண்டு கையாலயும் டம்ளரைப் பிடிச்சுக்கிட்டு, சூடு இதமா இருக்குன்னு, கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சுட்டு “நல்லாத்தான் இருக்கு”ன்னா.

முட்டி டாக்டர் சொன்னது எனக்கு அப்பத்தான் மண்டைல உறைச்சுது. அவர் சொன்ன ஆள் என் வீட்லயே இருக்கா. இப்பவே போகலாம் வான்னேன். வரமாட்டேங்கறா. “வயசானா வர்றதுதான், இதுக்கெல்லாமா டாக்டர்? வேணும்னா அண்ணன்கிட்ட கேட்டுக்கலாம்”ங்கறா. நான் கெஞ்சியாச்சு, கத்தியாச்சு. “பார்க்கலாம்”ங்கறா. நான் சொன்னா “பார்க்கலாம்”தானே.

அதனால மச்சான், மேல பாதில நிக்கற வரியை விட்டுடுங்க. காபி எனக்கு வேண்டாம். நீங்க போட்ட தடை சரியோ தப்போ, நான் அதைத் தலைல வெச்சுக்கிட்டு ஏத்துக்கறேன், ஆயுசுக்கும் வெந்நீர் குடிக்கறேன். மிஷினையும் மேஜைலேர்ந்து கழட்டிட்டேன். நீங்க எழுத வேண்டியது வேற வரி: ‘உடனே டாக்டரிடம் போய்க் கையைக் காட்டு.’ இதை மட்டும் எழுதுங்க. தபால் கிடைச்ச அன்னைக்கே எழுதுங்க, உங்க கையெழுத்துல. நான் சொல்லி முப்பத்தாறு வருஷத்துல அவ எதையும் கேட்டதில்ல. நீங்க சொன்னா காபியையே நிறுத்தினா, கையைக் காட்டமாட்டாளா? நாள் தள்ளினா விரல் கோணிடும்னு டாக்டர் சொல்லியிருக்கார். உங்களை எதிர்த்து இத்தனை பக்கம் எழுதினதுக்குப் பெரியவரா இருந்து பொறுத்துக்கணும்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும், சின்னவர்களுக்கு என் அன்பையும், எல்லோருடைய கை கால்களுக்கும் நீண்ட ஆயுளையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

என்றும் தங்கள் சொல் தட்டாத,
தங்கையின் கணவன்

பின்குறிப்பு: அண்ணா, இது நான். இவர் தபால்ல போடுன்னு உறையை ஒட்டாமயே என்கிட்ட குடுத்தார். ஒட்டாம குடுத்தா படிக்கமாட்டேனா? பத்தரை மணிக்கு மேலதான் பேனா பிடிக்க முடிஞ்சுது, எழுத்து கோணல் மாணலா இருந்தா பொறுத்துக்கோ.

இதைப் படிச்சுட்டு ‘நான் எப்ப காபியை நிறுத்தச் சொன்னேன்’னு நீ முழிச்சுக்கிட்டு இருப்பே. நீ சொல்லவே இல்ல. அன்னைக்குப் போன்ல நீ பேசினது முழுக்க உன் பல்செட்டைப் பத்திதான். இவர் முட்டியைப் பத்தி நானும் ஒரு வார்த்தை சொல்லல. எனக்கு அந்தக் கைப்பிடியைச் சுத்த முடியல, அண்ணா. முடியலன்னு இவர்கிட்ட சொல்ல என்னமோ வாய் வரல. உன் பேரைச் சொன்னா எதிர்த்துப் பேசமாட்டார், காபி நின்னுடும், கையும் தப்பிச்சுடும்னு நினைச்சேன். நோட்டுப் போட்டு, வாட்சைக் கட்டி, மறுபடியும் என்னையே அரைக்க விடுவார்னு கனவா கண்டேன்? அந்த ரெண்டு டப்பால ஒண்ணை நான் திறக்கவே இல்ல. மூடி அவ்வளவு இறுக்கம், என் விரலுக்கு அசையல. இவர் குடிச்சது முழுக்க வழக்கமான கொட்டைதான். அதை இன்னும் இவர்கிட்ட சொல்லல, நோட்டை அவ்வளவு ஆசையா வெச்சிருக்கார்.

கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். காபியே வேண்டாம்னு எழுதியிருக்கார் பாரு. அதுவும் உனக்கு எழுதியிருக்கார். வலிக்குதான்னு இவர் கேட்கணும்னு நான் ஒரு வருஷமாக் காத்துக்கிட்டு இருந்திருக்கேன். இன்னைக்கு இவர் கேட்ட பிறகுதான் அது எனக்கே தெரிஞ்சுது. நீ ஒரு வரியும் எழுத வேண்டாம் அண்ணா. இவர் சொன்னார், நான் போறேன். செருப்பை மாட்டியாச்சு.